கவிஞரின் கட்சியும் வாசகரின் கசப்பும்

கண்ணதாசனை விரும்பிப் படித்த ஒருவர், அவர் கட்சி மாறிய நாள்முதல் அவருடைய நூல்களைத் தொடுவதில்லை என்றால், அதனை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிடல் ஆகாது. பாடியவரே கைவிட்ட கொள்கையைப் பாட்டில் மட்டும் போற்றுவது எளிதன்று. 1961இல் ஈ.வெ.கி. சம்பத்துடன் தி.மு.கழகத்தை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியில் இருந்து, பின்னர்க் காங்கிரசில் சேர்ந்தவர் அவர். நாத்திக மேடையில் முழங்கியவரே ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதினார். தாம் கடுமையாகச் சாடிய எம்.ஜி.ஆர். 1978இல் அளித்த அரசவைக் கவிஞர் பதவியையும் ஏற்றார். (இதில் பெருந்தன்மை யாருடையது என்பது வேறு வழக்கு.)

ஆயினும், கசப்பு எங்கிருந்து வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். ‘மாங்கனி’ கல்லக்குடிப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்ட காலத்தில் எழுதப்பெற்றது. அதில் கட்சி முழக்கத்தை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். சங்ககாலச் சேரநாட்டைக் களமாகக் கொண்ட காதற்காவியம் அது. பழந்தமிழ்ப் பெருமை பேசுவதே அக்கால அரசியல்தானே எனலாம். உண்மையே. ஆனால் அங்கே அப்பெருமை காதலுக்குப் பின்திரையாகவே நிற்கின்றது. கழகத்தை வெறுப்பவரும் அதனைப் படித்து மகிழத் தடையில்லை.

‘வனவாசம்’ அவ்வாறன்று. தம்மை ‘அவன்’ எனப் படர்க்கையில் நிறுத்திக் கவிஞர் எழுதிய தன்வரலாறு அது. சிறுகூடல்பட்டிச் சிறுவன் பிழைப்புத் தேடிச் சென்னையில் அலைந்த பகுதிகளில் ‘அவன்’ தன் குறைகளையும் மறைக்காமல் காட்டுகின்றான்; வாசகர் மனம் அவன் பக்கம் சாய்கின்றது. பழைய தோழர்களைப் பற்றிய பக்கங்கள் வந்ததும் நடை மாறிவிடுகின்றது. எதிரே இருப்பவர் மனிதராகத் தோன்றாமல், தீர்க்கப்படவேண்டிய கணக்காகி விடுகின்றார். தன்னையே எள்ளிக்கொள்ளத் துணிந்த பேனா, பிறரை எள்ளுகையில் மேடைக் கைதட்டலுக்கு இறங்குகின்றது. கவிஞர் எந்தக் கட்சிக்குப் போனார் என்பதற்கும் இக்குறைக்கும் தொடர்பில்லை. கழகத்தை வெறுப்பவர்க்கும் அப்பக்கங்கள் வம்பாக இனிக்கலாம்; இலக்கியமாக இனியா.

வாசகரின் கட்சியும் கண்ணை மறைப்பதுண்டு. 1943இல் கம்பராமாயணத்தை எரிக்கவேண்டுமென அண்ணா ரா.பி. சேதுப்பிள்ளையுடன் மேடையில் வாதிட்டார். அம்முகாமில் வளர்ந்த கண்ணதாசனே பின்னாளில் கம்பனைக் கொண்டாடினார். இடையில் கம்பனின் சொற்களில் ஒன்றும் மாறவில்லை.

கண்ணதாசனை வகுப்பில் வைக்கத் தயங்கும் ஆசிரியர், ‘வனவாச’த்தின் சென்னைப் பக்கங்களையும் கட்சிப் பக்கங்களையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லலாம். எந்த வரியில் நடை தளர்கின்றது என்பதை மாணவரே கண்டுகொள்வர். கவிஞரின் கட்சிப்பெயரை அவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.