உப்புக் காற்றும் வானின் மின்மூளையும்
வானின் விளக்குகள், வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆள்வது 'பொடி கொன்ட்ரோல் மொடியூல்' என்னும் மின்னணுப் பெட்டி. பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் ஏற்றும் வான்களில் கடற்காற்றோடு ஐஸ் உருகிய உப்புநீரும் சேர்ந்தால் செப்பு முனைகளில் பச்சை பூக்கும். வைப்பர் தானாக ஓடும், பூட்டு தானாகத் திறக்கும். இதே கோளாறுகளைத் துருவேறிய ஏர்த் வயரும் காட்டும். ஆகவே தேர்ந்த வயரிங்காரர் எடுத்தவுடன் பெட்டியில் கைவைப்பதில்லை. ஓய்வில் பற்றரி 12.6 வோல்ட் அளவில் நிற்கிறதா, பியூஸ் நல்லதா, ஏர்த் போல்ட் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பொறுமைதான் இத்தொழிலின் அழகு. வாகனக்காரருக்குப் பெருஞ்செலவை மிச்சப்படுத்துவதும் அதுவே.

பெட்டியே பழுதென்று உறுதியானால், அதன் அமைப்புத் தகவலை ஸ்கேனரில் எடுத்து வைத்துவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவார். கனெக்டரின் கொக்கியை அமுக்கியே உருவ வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் முனை கழன்றுவிடும். பாக இலக்கம் பொருந்தும் புதிய பெட்டியில் அந்த வாகனத்தின் அமைப்பை எழுத வேண்டும். இம்மொபிலைசரும் அதிலேயே இருந்தால் சாவிகளையும் மறுபடி பதிய வேண்டும். இல்லையேல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.