கரித்துண்டு சொல்வதும் கூத்து சொல்வதும்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை என்றொரு சிற்றூர். சுற்றிலும் குன்றுகள், பாறை ஓவியங்கள், பழைய ஈமக்கல் வட்டங்கள். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டிய குழிகளில் 104 செ.மீ. ஆழத்திலும் 130 செ.மீ. ஆழத்திலும் எடுத்த கரித்துண்டுகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போயின. முதலாவதன் காலம் கி.மு. 1615 என்றும் இரண்டாவதன் காலம் கி.மு. 2172 என்றும் முடிவு வந்தது. 2022 மே 9 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தமிழ்நாட்டின் இரும்புக் காலம் 4,200 ஆண்டுகள் பழமையானது என்பது அன்றைய தலைப்புச் செய்தி.

அடுத்த சில நாட்கள் ஓசூர் டீக்கடைகளில் இதே பேச்சு. "நாலாயிரம் வருசமா இரும்பு உருக்குன மண்ணு இது, அதான் இங்க இத்தனை கம்பெனி" என்று ஒருவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் தலையாட்டியதைப் பார்த்தேன். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதி உண்மையில்லை. ஓசூருக்கு ஆலைகள் வந்ததற்குக் காரணம் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர் இருந்தது. பின்தங்கிய பகுதி என்று அரசு சலுகை கொடுத்தது. சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் மயிலாடும்பாறைக் கொல்லரைத் தேடி வரவில்லை.

மரபைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அளந்து அறிந்த ஒரு செய்தியைக் கையில் எடுக்கிறோம். அளக்கவே முடியாத ஒரு முடிவில் கொண்டுபோய் வைக்கிறோம். அறிவியலின் மரபுக்கும் கலையின் மரபுக்கும் இயல்பு வேறு. அறிவியல் மரபிடம் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட்டு அதைக் கும்பிடுகிறோம். கலை மரபுக்குக் கொடுக்க வேண்டிய சுதந்திரத்தைக் கொடுக்காமல் அதைச் சூத்திரம்போலப் பூட்டி வைக்கிறோம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டோம் என்பதே என் குறை.

முதலில் அந்தக் கரித்துண்டு. கரியின் காலக்கணிப்பு, எரிந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்பதைத்தான் நேராகச் சொல்லும். அதே மண்ணடுக்கில் கிடைத்த இரும்பு அந்தக் காலத்தது என்பது, அடுக்கு கலையாமல் இருக்கிறதா, எரித்தது பழைய மரமா புது மரமா என்றெல்லாம் பார்த்துத் தொல்லியலாளர் எடுக்கும் முடிவு. 2172 என்ற எண்ணும் ஒற்றை ஆண்டைக் குறிப்பதாகாது. ஒரு கால வீச்சுக்குள் வரும் புள்ளி அது. இப்படிச் சொல்வது கண்டுபிடிப்பைச் சிறுமைப்படுத்துவதில்லை. இந்த வரம்புகளோடு சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல். 2025 ஜனவரி 23 அன்று பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கை வெளியானது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் மாதிரி ஒன்று கி.மு. 3345 வரை போனதாக அதில் முடிவு. மயிலாடும்பாறையின் 'முதலிடம்' மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை. முதலிடத்தை மட்டும் நம்பிப் பெருமைப்பட்டவர் இப்போது என்ன செய்வார்? அந்தக் குழியில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எந்த மண்ணை எந்த வெப்பத்தில் உருக்கினார்கள் என்று கேட்டவருக்கோ எந்த இழப்பும் இல்லை.

இரும்பிலிருந்து உருக்குக்கு வருவோம். இங்குதான் நம் மரபின் உண்மையான உயரமும் அதன் எல்லையும் ஒரே இடத்தில் தெரிகின்றன. மேலைநாட்டார் 'வூட்ஸ்' என்று அழைத்த குகை உருக்கு (குகை என்பது உலோகம் உருக்கும் மண்கலம்) தென்னிந்தியாவில் பிறந்தது. கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றோடு அந்தப் பெயரை அறிஞர்கள் இணைக்கிறார்கள். சேலம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண்குகைக்குள் வைப்பார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சி சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது இருபத்துநான்கு குகைகளை வளைவாக அடுக்கி, துருத்தி ஊதி, இரண்டரை மணி நேரம் உலையில் வைப்பார்கள். உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் நம் புறம்போக்கில் தானாக முளைப்பவை. அவற்றின் கரி இரும்புக்குள் ஏறி, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கார்பன் உள்ள உருக்காக அதை மாற்றுகிறது. கார்பன் என்ற பெயரே தெரியாத கொல்லர், அதன் அளவைக் குச்சியின் எடையால் கட்டுப்படுத்தினார். உலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, வெப்பமானி கிடையாது, நிறமும் ஒலியும் கையுணர்வுமே கருவிகள். ஓசூரில் ஃபவுண்டரி வேலை செய்யும் எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து 1810களின் இறுதியிலிருந்து இந்த உருக்கை ஆராய்ந்தார். ஃபாரடே கொல்லரின் மகன். அவராலும் ரகசியத்தைப் பிடிக்க முடியவில்லை. அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்று முதலில் எண்ணினார், அது தவறென்று பிறகு தெரிந்தது.

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் இன்னொரு விடையை முன்வைத்தார்கள். அந்த உருக்கால் செய்த டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்துக்குக் காரணம், தாதுவில் இயற்கையாகவே கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்கள் என்றார்கள். அளவோ ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதோடு ஒரு கருதுகோளையும் சொன்னார்கள்: அந்தக் கலப்புள்ள தாது தீர்ந்து வேறு தாது வந்தபோது, அதே செய்முறையை அச்சுப் பிசகாமல் செய்தும் கோலம் விழாமல் போயிருக்கலாம், காரணம் யாருக்கும் தெரியாததால் கலையே நின்றிருக்கலாம்.

கருதுகோள்தான். இந்தியாவில் குகை உருக்கு அழிந்ததற்கு வேறு வலுவான காரணங்களும் உண்டு. வனச் சட்டங்கள் கரிக்கு மரம் கிடைக்காமல் செய்தன, இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து குவிந்தது, வாளுக்குத் தேவையே குறைந்தது. காலனி ஆட்சியின் பங்கை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் வெர்ஹோவனின் விளக்கம் என்னைத் தூங்கவிடாத ஒன்று. ஒரு மரபு தன் செய்முறையை முழுமையாகக் காப்பாற்றிக்கொண்டே செத்துப்போக முடியும் என்று அது காட்டுகிறது. 'எப்படி' என்பதைத் தெரிந்து, 'ஏன்' என்பதைத் தெரியாதிருந்தால், மண் மாறும்போது என்ன தவறு நடந்தது என்று தேடக்கூட வழியில்லை. இன்று ஒரு சாதாரண ஃபவுண்டரியில் ஒவ்வொரு உருக்கலிலும் காசளவு மாதிரி எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கிறார்கள். கார்பன், சிலிக்கான், மாங்கனீஸ் எல்லாம் நிமிடத்தில் திரையில் வந்துவிடுகின்றன. அந்தச் சோதனையைச் செய்யும் இளைஞனுக்குப் பழைய கொல்லரின் கைத்திறனில் காற்பங்குகூட இருக்காது. ஆனால் தாது மாறினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

'ஏன்' என்ற கேள்வி ஏன் எழவில்லை? அறிவுக் குறைவு என்று சொன்னால் அது அநியாயம். கை வேலை செய்தவர் வேறு, ஏடு எழுதியவர் வேறு; இருவரும் ஒரே திண்ணையில் உட்கார முடியாத சமூகம் இது. உலைக்கு முன்னால் நின்றவரின் சந்தேகம் எழுத்தில் ஏறவில்லை. எழுத்தறிந்தவரின் தர்க்கம் உலைக்குப் பக்கத்தில் வரவில்லை. தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போயிற்று. அப்படிப் போனதால் நுணுக்கம் காக்கப்பட்டது என்பது உண்மை. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேள்வி கேட்கும் வாய்ப்பு அடைபட்டதும் அதனால்தான்.

இதை யோசிக்கும்போது ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாநில முதலமைச்சராக அவர் 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் குடும்பத் தொழில் என்றது. பள்ளிக்குப் பணமும் இடமும் போதவில்லை, கை உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்பன அவர் தரப்பு. அந்த இரண்டாவது நோக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். ஆனால் எந்தக் கையுழைப்பு என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் என்று விட்டதில் திட்டம் முழுவதும் கெட்டது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தது சரி. 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்.

தொழிலைப் பிறப்பு தீர்மானிக்கும் என்ற அந்த வாதத்துக்கு விடை, ராஜாஜி பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே 1980களின் பின்பாதியில் கிடைத்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகார ஆலை வைத்தது. இந்த வட்டாரத்தில் கடிகாரம் செய்யும் குலம் எதுவும் இல்லை. கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கேழ்வரகும் மாம்பழமும் விளைவித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கக் கற்றார்கள். 2002இல் அந்த நிறுவனம் வெளியிட்ட 'எட்ஜ்' கடிகாரத்தின் தடிமன் மூன்றரை மில்லிமீட்டர்தான். துல்லியம் ரத்தத்தில் வருவதில்லை. நல்ல அளவுகோலும் பொறுமையான ஆசிரியரும் சில ஆண்டுகளும் போதும். நாலாயிரம் ஆண்டு இரும்பைப் பற்றிப் பேசும் நாம் இந்தக் கதையைக் குறைவாகவே சொல்கிறோம்.

கலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ஃபாரடேயின் முதல் விடையை இன்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அடுத்த ஆய்வு அதைத் தள்ளிவிட்டது. ஆனால் கூத்தில் வரும் அர்ச்சுனன் தபசை எந்த ஆய்வு தள்ளும்? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. உயர்ந்த மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருக்க, படுகளம், பிறகு தீமிதி. இந்தக் கலையில் பழையது தவறாகிப் போவதில்லை. ஒவ்வோர் இரவும் அது புதிதாக நிகழ்ந்தாக வேண்டும்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு களத்தில், வேடம் கலைத்துக்கொண்டிருந்த வயதான கூத்து வாத்தியாரிடம், "வாத்தியாரே, பழைய பாட்டையெல்லாம் மாத்தாம வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பாட்டு மாறாதுங்க சார். கட்டியங்காரன் வாய்தான் மாறும். கம்பெனியில லீவு தரலைன்னு அவன் சொன்னா சனம் குந்துது. அதுக்கப்புறம் பாஞ்சாலி அழுதா அதுங்களும் அழுவுது."

கூத்தின் அமைப்பையே அவர் சொல்லிவிட்டார். கதையை அறிவித்து நகைச்சுவையும் செய்யும் கட்டியங்காரன் என்ற ஒரு வாசலை மரபே திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியாக இன்றைய விலைவாசி, ஷிப்ட், கடன், தேர்தல் எல்லாம் உள்ளே வருகின்றன. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் நிறையப் பேர். அங்கே அந்த வாசலில் மொழிகளும் கலந்தே வருகின்றன. இந்தக் கலப்பைக் குறை என்று சொல்லி, மேடைக்காக இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, கட்டியங்காரனை ஓரங்கட்டி, 'தூய வடிவம்' என்று காட்டும் நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். உடை பளபளக்கிறது, உயிர் இல்லை. சதிர் என்ற நடனம் பரதநாட்டியமாகி மேடை ஏறியபோது இலக்கணமும் மதிப்பும் கிடைத்தன. அதைத் தலைமுறைகளாகக் காத்த பெண்கள் வெளியே நின்றார்கள். 'செவ்வியல்' என்ற பட்டம் கூத்துக்குக் கிடைக்காததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

கூத்திலும் குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ரசிகன் மட்டுமே ஆவேன். திரௌபதியின் சபதத்தையே மையமாகக் கொண்ட கலையில் திரௌபதி வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். அடவுக்காகவோ ராகத்துக்காகவோ இந்த விலக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரவெல்லாம் ஊர்ஊராகப் போகும் வாழ்க்கையைப் பெண்ணுக்கு மறுத்த சமூகத்தின் பழக்கம் அது. அதை மாற்றினால் மரபு கெடும் என்பவர், எது கலையின் எலும்பு, எது அன்றைய ஊர்க்கட்டுப்பாடு என்று பிரித்துப் பார்க்க மறுக்கிறார்.

இரண்டு மரபும் ஒரே பாறையில் சந்திக்கும் இடமும் இங்கே இருக்கிறது. கிருஷ்ணகிரி அருகே மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. இத்தகைய கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்று சொல்வது தென்னிந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் வழக்கம். தொல்லியலாளர் அவை ஈமச்சின்னங்கள் என்கிறார். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்று பாட்டி சொல்வதைத் திருத்த நான் போகமாட்டேன். அந்தக் கதை இருந்ததால்தான் பல இடங்களில் அந்தக் கற்களை யாரும் தொடாமல் விட்டார்கள். ஆனால் அதே கதையைப் பாடப்புத்தகத்தில் வரலாறு என்று அச்சிட ஒருவர் வந்தால் நிச்சயம் எதிர்ப்பேன். கிரானைட்டுக்காகப் பாறை உடைக்கும் மாவட்டத்தில் அந்தக் கற்களைக் காக்கப் பாட்டியின் கதையும் வேண்டும், தொல்லியல் துறையின் வேலியும் வேண்டும்.

ஓசூரில் தொழிற்பயிற்சி நிலையங்களையும் ஆலைப் பயிற்சிக் கூடங்களையும் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்களை, பெண்பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு நாள் மயிலாடும்பாறைக்கும் மல்லச்சந்திரத்துக்கும் அழைத்துப் போங்கள். கி.மு. 2172 என்று மட்டும் சொல்லாமல், அந்த எண் எப்படிக் கிடைத்தது, அதில் எது உறுதி, எது ஊகம் என்றும் சொல்லிக் கொடுங்கள். அன்று இரவு பக்கத்தில் எங்காவது பாரதம் நடந்தால் விடியும்வரை உட்கார வையுங்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவர்கள் வராவிட்டால் ஆப்சென்ட் போடாதீர்கள்.