வாரிசு இல்லாத குடும்பத்தின் வாரிசுகள்

குடும்ப வரலாறு ஒன்றும் அப்பாவியான எழுத்து வகை இல்லை. மேலுக்குப் பாட்டன், பூட்டன் கதை. உள்ளுக்குள் அது பார்ப்பது பட்டா வேலை. 'வந்தோம், காட்டை வெட்டினோம், உழுதோம், வீடு கட்டினோம்' என்று அடுக்கிக்கொண்டே போங்கள். 'ஆகவே இது எங்கள் மண்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், வினைமுற்றுகளே சொல்லிவிடும். அமெரிக்க முன்னோடி விவசாயக் குடும்பத்தைப் பற்றி மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட கதையாடலான லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ்' நாவல் வரிசையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இக்கதையாடலின் மையம் லாராவின் தகப்பன் சார்லஸ் இங்கல்ஸ் (1836–1902). விஸ்கான்சின், கேன்சஸ், மினசோட்டா, அயோவா, டேக்கோட்டா என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டி கட்டி அலைந்தவர். யார் கையையும் எதிர்பாராதவர், தன் கோடாரியை மட்டும் நம்பியவர்: 1932க்கும் 1943க்கும் இடையில் வெளிவந்த நாவல்கள் கட்டியெழுப்பும் பிம்பம் இது.

பிரதி எதைப் பற்றி வாய் திறக்கவில்லை? 1870களில் மினசோட்டாவில் வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்று தீர்த்தன. இது நாவலில் உண்டு. 1875இல் தன்னிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சார்லஸ் நிவாரண மாவு வாங்கினாரே, அது இல்லை. 1876இல் ஒன்பது மாதத்தில் செத்துப்போன ஒரே ஆண் குழந்தை இல்லை. அயோவாவின் பர் ஓக் ஊரில் ஓட்டல் வேலை பார்த்ததும், கடனைத் தீர்க்க வழியில்லாமல் ராவோடு ராவாக ஊரைவிட்டுக் கிளம்பியதும் இல்லை. லாரா 1930இல் எழுதி, 2014இல்தான் அச்சேறிய 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாற்றில் இவற்றில் சில கிடைக்கின்றன. நாவலாக மாறும்போது கழித்துக்கட்டப்பட்டவை சாவும் கடனும் நிவாரணமும். தற்சார்பு என்ற கருத்தாக்கத்துக்கு இடைஞ்சல் எதுவோ அது போயிற்று.

இதைவிடப் பெரிய மௌனம் கேன்சஸில் இருக்கிறது. 1869இல் சார்லஸ் வீடு கட்டிய இடம் ஓசேஜ் பழங்குடியினருக்குச் சொந்தமான நிலம். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் கிடைக்கும். ஆனால் ஓசேஜ் நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஆக, இது பச்சையான ஆக்கிரமிப்பு. 1870இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. ஓசேஜ்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். நிலம் ஏக்கர் 1.25 டாலருக்குக் குடியேறிகளிடம் போயிற்று. நாவலில் மட்டும் கதை தலைகீழ். பட்டாளம் வந்து விரட்டப்போகிறது என்று கேள்விப்பட்டு இங்கல்ஸ் குடும்பம்தான் வெளியேறுகிறது! விஸ்கான்சின் வீட்டை வாங்கியவர் பணம் கட்டமுடியாமல் திருப்பிக் கொடுத்ததால் அங்கே திரும்பினார்கள் என்பதே நடந்தது. பறித்தவன் பறிகொடுத்தவனாக வேஷம் கட்டுகிற இடம் இது.

இந்த நாவலின் ஆரம்பத்தில், அந்தச் சமவெளியில் மனிதர்களே கிடையாது, இந்தியர்கள்தான் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. 1952இல் வாசகர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, 'மனிதர்கள்' இருந்த இடத்தில் 'குடியேறிகள்' வந்தது. சரி, சொல் மாறிற்று. வாக்கியம் யார் வண்டியில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறது என்பது மாறிற்றா?

தமிழில் யோசித்தால் இது இன்னும் தெளிவாகப் பிடிபடும். நமக்கு 'நாம்' உண்டு, 'நாங்கள்' உண்டு. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'போனோம், உழுதோம்' என்பதில் ஒளிந்திருப்பது நாமா, நாங்களா? வெள்ளை அமெரிக்கக் குழந்தை அதை 'நாம்' என்று வாசிக்கிறது. ஓசேஜ் குழந்தை 'நாங்கள்' என்றுதான் வாசிக்கமுடியும். முன்னிலையில் இருப்பவரை வெளியே நிறுத்துகிற 'நாங்கள்'.

அந்த 'நாம்' எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு சான்று. சார்லஸ் இங்கல்ஸின் ரத்த வழி இன்று கிடையாது. வளர்ந்த நாலு பெண்களில் பிள்ளை பெற்றது லாரா மட்டுமே. அந்த ஒரே மகள் ரோஸ் வைல்டர் லேன் பிள்ளையில்லாமல் 1968இல் இறந்துபோனார். அம்மாவின் கைப்பிரதிகளைச் செப்பனிட்டவர் இந்த ரோஸ்தான். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தவரும் இவர்தான். தாத்தா வாங்கிய மாவு கதையில் ஏன் இல்லை என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம். ரோஸின் சொத்துக்கு வாரிசானவர் ரத்த உறவு எதுவுமில்லாத வழக்கறிஞர் ரோஜர் மெக்பிரைட். 1976இல் லிபர்டேரியன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். ரத்தம் நின்றுபோன இடத்தில் சித்தாந்தம் வாரிசாகிவிடுகிறது. வாசகர்கள் கூடவே பேரப்பிள்ளைகளாகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு தன் விருதிலிருந்து லாராவின் பெயரை நீக்கியது. நீக்கட்டும். ஆனால் பெயரை எடுப்பதைவிட, எடுத்ததைத் திரும்ப வைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். சார்லஸ் வில்லன் அல்ல, கடன்காரர், ஏழை. ஏழைதான், ஆக்கிரமித்தவரும்தான். அரசு தன் நிலப்பசிக்கு இப்படிப்பட்ட ஏழையைத்தான் முன்னே தள்ளிவிடுகிறது. அவர் பசித்துக் கை நீட்டியபோது கொஞ்சம் மாவு கொடுக்கிறது. அந்த மாவும் அந்தக் கடனும் ஓசேஜ் நிலமும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போதுதான் குடும்ப வரலாறு வரலாறாகும். அதுவரைக்கும் அது பட்டாதான்.