சினிமாவின் மடியில் வளர்ந்த பெட்டி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. டெல்லிக்கு 1959-லேயே வந்துவிட்ட சமாச்சாரம் அது. உழவர்களுக்கு ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதங்களுக்கு ‘எதிரொலி’ என்று அரசாங்கம் பொறுப்போடு நிகழ்ச்சிகளைத் தந்தது. தமிழர்கள் காத்துக் கிடந்ததோ வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும்தான். பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால், கோளாறு நிலையத்தில்தான் என்று தெரிந்தும் யாராவது ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார்.

சென்னை அலை எட்டாத தென்கடலோர ஊர்களின் கதை வேறு. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், அங்கெல்லாம் உயரமான கம்பங்களில் ஆன்டெனாக்கள் ஏறின. சென்னையைவிடக் கொழும்பு அவர்களுக்குப் பக்கம்.

1987-ல் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ வந்தது. இந்தி எதிர்ப்பில் ஊறிய மாநிலம் ஞாயிறு காலையில் இந்தித் தொடர் முன் உட்கார்ந்தது. பாஷை புரியாவிட்டால் என்ன, கதைதான் தெரியுமே!

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதன்பின் ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாக வந்தன. தெருவுக்குத் தெரு கேபிள்காரர் முளைத்தார். சேனல்கள் பெருகினாலும் சரக்கு பழையதுதான்: படம், பாட்டு, நகைச்சுவைக் காட்சி, நட்சத்திரப் பேட்டி. பண்டிகை நாள் என்றாலே ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ ஒரு படம்.

சினிமாவிடம் கடன் வாங்காமல் தமிழ்த் தொலைக்காட்சி தானாக வளர்த்தெடுத்தது நெடுந்தொடர் ஒன்றைத்தான். தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒன்றாகப் பதின்மூன்று வாரத்தில் கதையை முடித்துவிடுவது வழக்கம். 1999-ல் ராதிகாவின் ‘சித்தி’ தினசரித் தொடராக வந்து வீடுகளின் சாயங்கால நேர அட்டவணையையே மாற்றியது. திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ ஒரு தகப்பனையும் ஐந்து பெண்களையும் வைத்து, வரதட்சணையும் மாமியார் வீடும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எப்படி அரிக்கும் என்று காட்டியது. தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. இழுவை, சந்தேகமில்லை; ஒரு அறை விழுந்தால் அதிர்ச்சியடைந்த முகங்களை மூன்று சுற்று காட்டாமல் காட்சி நகராது.

2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பஞ்சாயத்து டிவி அறையில் ஊரோடு நின்று பார்த்தவர்களுக்குச் சொந்த வீட்டிலேயே பெட்டி கிடைத்தது. தொடர்களுக்கு அது புதிய பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுத்தது.

‘மாமியார் மருமகள் சண்டை’ என்று தொடர்களைக் கேலி செய்வது எளிது. நகையும் பட்டுப்புடவையுமாகத் தூங்கப்போகும் பெண்களையும், பழிவாங்கும் சதிகளையும் பார்த்தால் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் கதாநாயகனைச் சுற்றியே சுழன்ற தமிழ் சினிமா, நாற்பது வயதுப் பெண்ணுக்கு அம்மா வேடத்தைத் தாண்டி அதிகம் கொடுக்கவில்லை. அந்த வயதுப் பெண்ணின் சம்பாத்தியத்தையும் கோபத்தையும் சொத்துச் சண்டையையும் நடுக்கதையாக்கி, ஆண்டுக்கணக்கில் லட்சக்கணக்கானோரைப் பார்க்க வைத்தது சின்னத்திரைதான். தமிழ்த் தொலைக்காட்சியின் சொந்தச் சாதனை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.