ஒரு கோடி ஆப்பிள், ஒரு கடி இல்லை

ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் ‘ஆஃப்டர் ஆப்பிள் பிக்கிங்’ கவிதையில் யாரும் ஆப்பிள் சாப்பிடுவதில்லை. நாலைந்து முறை வாசித்தும் இது எனக்கு உறைக்கவில்லை. 42 வரிகளில் ஏணி இருக்கிறது, நிரம்பாத பீப்பாய் இருக்கிறது, நிலவறையில் சுமை சுமையாகப் பழம் வந்து உருளும் சத்தம்கூட இருக்கிறது. கடி மட்டும் இல்லை.

உறைத்தது ஒரு தோட்டத்தில். ஆன்சைட் வேலையாக பாஸ்டனில் இருந்த செப்டம்பரில், நண்பர்கள் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் கூட்டிப்போனார்கள். வாசலில் ஒரு பைக்குக் காசு கட்டினால் நாமே பறித்துக்கொள்ளலாம். பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் தூக்கித் திருகினால் காம்போடு வந்துவிடும். நான் பறித்தது மெக்கின்டாஷ். (ஆமாம், மேக் கம்ப்யூட்டருக்குப் பேர் வந்தது இந்தப் பழத்திலிருந்துதான்.) சட்டையில் துடைத்துக் கடித்தேன். நறுக்கென்று ஒரு சத்தம், சில்லென்று சாறு, தாடையோரம் கூசுகிற புளிப்பு. மாசக்கணக்கில் குளிர்கிடங்கில் கிடந்து வருவதையா இத்தனை நாள் ஆப்பிள் என்று நம்பினோம்! மூணாவது பழத்தில் வயிறு போதும் என்றது. பை பாதிகூட நிறையவில்லை.

ஃப்ராஸ்ட் பேசுவது இந்தப் ‘போதும்’ பற்றித்தான். 1900 முதல் பத்து வருஷம்போல அவர் இதே நியூ ஹாம்ப்ஷயரின் டெர்ரியில் பண்ணை வைத்திருந்தவர். கவிதை 1914இல் லண்டனில் வந்த ‘நார்த் ஆஃப் பாஸ்டன்’ தொகுப்பில் இருக்கிறது. ஏணி வானத்தைப் பார்த்து நிற்கிறது, கடைசியில் தூக்கம் வருகிறது. ஆகவே இது மரணக் கவிதை, பழம் ஏதேன் தோட்டத்துப் பழம் என்று படிக்கும் வழக்கம் உண்டு. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாசிப்பு பாதத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஏணிப்படி அழுத்திய வலி உள்ளங்காலில் இன்னும் இருக்கிறது. கண்ணை மூடினால் பழங்கள் பெரிது பெரிதாக, காம்பும் புள்ளியும் தெரிய வந்து போகின்றன. ரிலீஸ் வாரம் முடிந்த இரவில் மூடிய கண்ணுக்குள் லாக் வரிகள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உருவகம் அல்ல.

கவிதையின் நிஜமான காயம் சைடர் குவியலில் இருக்கிறது. தரையைத் தொட்ட பழம், அடிபடாவிட்டாலும், மதிப்பில்லாதது என்று சாறு பிழியப் போய்விடும். காரணம் எளிது: கன்றிய ஒரு பழம் விடும் எத்திலீன் பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும், ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரம் கிடையாது. அதனால் ஒன்றைக்கூட நழுவவிடாமல் பூப்போல இறக்க வேண்டும். எத்தனை பழம்? பத்தாயிரம் ஆயிரம் என்கிறார், கணக்குப் போட்டால் ஒரு கோடி. பிரியமாகத் தொட்ட கை, கோடி முறை அதே பிரியத்தோடு தொட்டாக வேண்டும். இந்த அறுவடையை ஆசைப்பட்டவரும் அவரேதான். குறை சொல்லவும் ஆள் இல்லை.

1819இல் கீட்ஸ் எழுதிய ‘டு ஆட்டம்’ கவிதையிலும் சைடர் ஆலை உண்டு, தூக்கமும் உண்டு. ஆனால் அங்கே அசந்து தூங்குவது இலையுதிர்காலமே. யாருக்கும் கால் வலிக்கவில்லை. அழகான கவிதை, பை வாங்கிக்கொண்டு உள்ளே போனவனின் கவிதை.

ஃப்ராஸ்ட்டின் வரிகளோ ஒன்று நீளம், ஒன்று வெறும் இரண்டே வார்த்தை. எதுகை எப்போது வரும் என்று தெரியாது. இருட்டில் அடுத்த படியைத் தேடும் கால்மாதிரி. கிளையில் இன்னும் ரெண்டு மூணு பழம் பறிக்காமல் இருக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். கடைசிவரை அதற்காக ஏணியில் திரும்ப ஏறவே இல்லை.