1331 கால்கள்

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் காலை ஏழு மணிக்கு ஹீட் சிங்கைக் கழற்றுவது மடத்தனம். சுமார் 4,000 அடி உயரத்துக் குளிரில் பழைய தேர்மல் பேஸ்ட் இறுகிக் கிடக்கும். நேராக மேலே இழுத்தால் ஹீட் சிங்கோடு புரொசெசரும் சேர்ந்து வந்துவிடும். சாக்கெட்டின் நெம்புகோலோ பூட்டியபடியே இருக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டில் ரைசன் புரொசெசர் வைத்திருப்பவர்களுக்கு அந்த ‘டக்’ என்ற சின்னச் சத்தம் தெரியும். அதன் பிறகு கையில் தொங்குவது மேலே அலுமினியமும் கீழே கோணல்மாணலான தங்கக் கால்களும்.

தப்பிக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான், செய்பவர்கள்தான் குறைவு. பத்துப் பதினைந்து நிமிடம் இயந்திரத்திடம் நன்றாக வேலை வாங்கி, பேஸ்ட் இளகியதும் அணைத்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாகத் திருகி, அது வழுக்கத் தொடங்கிய பிறகே தூக்க வேண்டும். இன்டெல்காரர்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை. அங்கே ஓர் உலோகச் சட்டம் புரொசெசரை அமுக்கிப் பிடித்திருக்கிறது. ஏ.எம்.4இல் சட்டம் கிடையாது. சாக்கெட்டுக்குள் இருக்கும் நுண்ணிய கவ்விகள் 1331 கால்களைப் பற்றியிருக்கின்றன, அவ்வளவுதான் பிடி.

இதையே பெரிய குறையாகச் சொல்லும் கட்சி ஒன்று உண்டு. 2004இல் எல்.ஜி.ஏ.775 வந்தபோது இன்டெல் கால்களைப் புரொசெசரிலிருந்து எடுத்து மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் வைத்தது. விலை கூடிய பொருளைக் காப்பாற்றி, சேதத்தை மலிவான பொருளின் தலையில் கட்டுவது புத்திசாலித்தனம்தானே என்பது அவர்கள் வாதம். புதிதாகப் பெட்டி பிரிக்கும் நாளில் அந்தக் கணக்குச் சரி. ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எல்.ஜி.ஏ.1150இல் உட்காரும் நாலாம் தலைமுறைப் புரொசெசர் இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. அதை உட்கார வைக்க உருப்படியான போர்ட் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

கைவேலை என்று பார்த்தாலும் கால் வைத்த சிப்பின் பக்கமே நியாயம் இருக்கிறது. புரொசெசரின் கால் நேரானது. நேராக இருக்கிறதா இல்லையா என்பதைக் கண் உடனே சொல்லிவிடும். எல்.ஜி.ஏ. சாக்கெட்டின் தொடுமுனைகளோ பிறவியிலேயே வளைந்தவை, சுருள்வில் மாதிரி எம்பி நிற்க வேண்டியவை. அவற்றில் ஒன்று மடங்கினால், எந்த வளைவு சரியான வளைவு என்பதையே பக்கத்து முனையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். உருப்பெருக்கியில் ஒழுங்காகத் தெரியும், உயரம் ஒரு மயிரிழை குறைந்திருக்கும், தொடாது. இடுக்கி வைத்து அதைச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த வேலையில் கண்ணுக்குக் கிடைக்கும் இன்பம் எதுவும் இல்லை.

கால் நிமிர்த்தும் வேலையில் அது நிறைய உண்டு.

முதலில் வெளிச்சம். மேலிருந்து விழும் டியூப்லைட் உதவாது. மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் கால்களின் மேல் பக்கவாட்டில் படும்படி வைக்க வேண்டும். நேராக நிற்பவை ஒரே மாதிரி மின்னும். வளைந்தது மட்டும் வேறு பக்கம் மின்னும். பிறகு சிப்பை விளிம்பில் பிடித்துக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒவ்வொரு வரிசையாக நோட்டம் விட வேண்டும். தோட்டத்தில் நிரைக்கு நேரே நின்று பார்க்கும்போது ஒரு செடி மட்டும் விலகித் தெரியுமே, அதேதான். ஒரு பக்கத்திலிருந்து பார்த்து முடித்ததும் சிப்பைக் கால்வாசி திருப்பி அடுத்த பக்கம், பிறகு மூலைவிட்டத்தில். இரண்டு பக்கம் பார்த்துத் திருப்திப்பட்டவர்கள்தான் பிற்பாடு சாக்கெட்டில் அழுத்தி முறிப்பவர்கள்.

கருவி, மெக்கானிக்கல் பென்சில். உள்ளே ஈயம் இருக்கக் கூடாது, வெற்று மூக்கு மட்டும். அதிலும் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் பிளாஸ்டிக் கூம்பு மூக்கு வேண்டாம். படவரைஞர்கள் பாவிக்கும், மெல்லிய உலோகக் குழாய் நீண்டு நிற்கும் வகையே வேண்டும். ஏ.எம்.4 காலுக்கு 0.5 மில்லிமீற்றர் பொருந்தும். சாக்கெட் ஏ காலத்துத் தடித்த கால்களுக்கு 0.7 வசதி. குழாயைக் காலின் மேல் அடிவரை இறக்க வேண்டும். வளைவு பெரும்பாலும் வேரில்தான் இருக்கும், நுனியைப் பிடித்து நிமிர்த்தினால் கால் ‘எஸ்’ எழுத்தாகிவிடும். அடிவரை இறக்கியதும் விரல்கள் சும்மா இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் மெல்லச் சாயட்டும். நிமிர்வதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு அடுத்த காலுக்குப் போய், பின்னர் திரும்பி வரலாம். குறை இருந்தால் பரவாயில்லை, மிகைதான் ஆபத்து. ஒரு பக்கம் வளைத்ததை மறுபக்கம் வளைத்து, மறுபடி திருப்பினால் உலோகம் களைத்துப்போய் வேரோடு முறியும்.

படுத்தே விட்ட கால் வேறு ரகம். பென்சில் மூக்கு நுழைய இடம் இருக்காது. தையல் ஊசி முனையைக் கீழே கொடுத்து, பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் கிளப்பி, ஊசியை எடுத்துவிட வேண்டும். ஊசியாலேயே முழு வேலையையும் முடிக்க நினைப்பது பேராசை.

மாற்று மரபுகள் இல்லாமல் இல்லை. பாமசியில் வாங்கும் சிரிஞ்ச் ஊசியின் குழாயைக் காலில் மாட்டி நிமிர்த்துபவர்கள் உண்டு. அளவு அருமையாகப் பொருந்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் சாய்வெட்டு முனை சிப்பின் பச்சைத் தகட்டைக் கீறும், கீறலுக்குக் கீழே செப்புத் தடங்கள் ஓடுகின்றன. பழைய வங்கி அட்டையை வரிசைகளுக்கு நடுவே விட்டு ஒரேயடியாகத் தள்ளுபவர்களும் உண்டு. முழு வரிசையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது நல்ல வழி. ஒற்றைக் கால் மடங்கியிருக்கும்போது அட்டையை விடுவது, நன்றாக இருக்கும் முப்பதையும் சேர்த்துக் கெடுப்பதற்கு. இடுக்கி தங்கப் பூச்சில் பல் பதிக்கும். பென்சிலுக்கு இந்தப் பாவங்கள் எதுவும் இல்லை.

பென்சிலுக்கும் புரொசெசருக்கும் உள்ள உறவு இதற்கும் பழையது. 2000இல் ஏ.எம்.டி. வெளியிட்ட தண்டர்பேர்ட் வகை அத்லோன் புரொசெசரின் மேற்பரப்பில் ‘எல்1’ எனப் பெயரிட்ட குட்டிப் பாலங்கள் இருந்தன. தொழிற்சாலையில் அறுத்துவிட்ட அந்தப் பாலங்களை மென்மையான பென்சில் ஈயத்தால் தேய்த்து இணைத்தால், பூட்டிய வேகப் பெருக்கி திறந்துகொள்ளும். உலகம் முழுவதும் இளைஞர்கள் கொப்பிக்குள் கிடந்த பென்சிலை எடுத்துச் செய்த வேலை அது. 2001 ஒக்டோபரில் அத்லோன் எக்ஸ்.பி. வந்தபோது அந்த இடத்தில் லேசர் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தைப் பசையால் நிரப்பி, மின்கடத்தும் மையால் கோடு இழுக்க வேண்டியதாயிற்று. ஈயத்தின் வேலை அங்கே முடிந்தது. ஈயம் போன வெறும் குழாயின் வேலை இன்றுவரை முடியவில்லை.

அந்த அத்லோன்களுக்கு மேல்மூடி கிடையாது. சிலிக்கன் வில்லை திறந்த மேனியாக நிற்கும், நாலு மூலையிலும் நாலு ரப்பர் பொட்டு. ஹீட் சிங்கின் கொக்கியைத் திருப்புளியால் அழுத்தி மாட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் வில்லையின் மூலை பொடியும். மூலை பொடிந்தும் ஓடியவை உண்டு, வெறும் தூசு அளவு உதிர்ந்தே செத்தவையும் உண்டு. 2001 செப்டெம்பரில் ஜெர்மானியர் டொம் பாப்ஸ்ட் நிறுவிய டொம்ஸ் ஹார்ட்வேர் ஒரு வீடியோ வெளியிட்டது: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கைத் தூக்குகிறார்கள், பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கிறது, அத்லோன் புகைகிறது. அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் தங்கள் அத்லோனை மாற்றிவிடவில்லை.

வளைந்த காலுக்குப் பென்சில் போதும். முறிந்த காலுக்கு வரைபடம் வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் அவசரப்பட்டுப் புரொசெசரை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். கால்களில் ஏறக்குறைய பாதி, மின்சாரம் கொண்டுவருவதும் பூமித் தொடர்புமாக ஒரே வேலையைப் பகிர்ந்து செய்பவை. அவற்றில் ஒன்று போனால் மற்றவை சுமந்துகொள்ளும், இயந்திரம் எதுவும் நடக்காததுபோல் எழும்பும். நினைவகப் பாதையின் கால் போயிருந்தால் இரண்டு ரேம்களில் ஒன்று மட்டும் தெரியும், அல்லது இரண்டாவதைச் செருகினால் திரையே வராது. கிராஃபிக்ஸ் பாதையின் கால் போயிருந்தால் பதினாறு தடங்களில் ஓட வேண்டிய கார்ட் எட்டில் ஓடும். ஒரு ரேமோடு ஓடும் ஊனப் புரொசெசர், போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு இன்னும் பல வருடம் தாராளமாக உழைக்கும். மனசு கேட்காதவர்கள், செத்த சிப்பிலிருந்து ஒரு காலை எடுத்து நுண்நோக்கிக்குக் கீழே பற்றவைக்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள், பல இழை வயரிலிருந்து ஒற்றைச் செப்பிழையை வெட்டிச் சாக்கெட்டின் குறிப்பிட்ட துளையில் நிறுத்தி, மேலே சிப்பை இறக்குகிறார்கள். அசிங்கமான வேலைதான். ஓடுகிறது.

எந்த வழியில் செய்தாலும் கடைசிப் பரீட்சை ஒன்றே. நெம்புகோலைத் தூக்கி, சிப்பின் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேரே வைத்து, கையை எடுத்தால் சிப் தன் எடையிலேயே இறங்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் திரும்பவும் விளக்கடிக்குப் போக வேண்டும். விரலால் ஓர் அழுத்து அழுத்தலாமா என்று மனம் கேட்கும்; அதற்கு இடம் கொடுக்காதவரே கைகாரர். சிப் இறங்கும் அந்த வினாடியில் சத்தம் எதுவும் இருக்காது, அதற்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

கொட்டகலையில் இந்தக் கைப்பழக்கம் வெறும் பொழுதுபோக்காக இருக்க வாய்ப்பில்லை. சாதாரண சாமானுக்கு ஹட்டன், கொஞ்சம் பெரிதென்றால் கண்டி. தெரிவு செய்து வாங்க வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. ரயிலில் போய் வந்தால் ஒரு நாள் போச்சு. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. இறக்குமதிச் சாமான் எதையும் ‘போனால் புதுசு’ என்று சொல்லும் தைரியம் அதோடு போயிற்று. பத்தனை கல்வியியற் கல்லூரியில் படிக்கும் ஆசிரிய மாணவருக்கோ, டிரேட்டன் தோட்டத்திலிருந்து உயர்தரம் எழுதும் பிள்ளைக்கோ, ஒரு புரொசெசரின் விலை வீட்டு வரவுசெலவில் தனி வரி.

அப்படியிருந்தும் வேலைத் தரம் இறங்கிக்கொண்டே வருகிறது. திரை வராத கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் ‘புரொசெசர் போச்சு’ என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் விடக் குறைவாகச் சாவது புரொசெசர். பவர் சப்ளை சாகும், போர்ட் சாகும், ரேமின் பல்லில் மலைப் பனியின் ஈரத்தோடு அழுக்குப் படியும். அந்த 2022 மார்ச் 31இல் நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு என்று அறிவித்த காலத்தில், கரண்ட் போய்ப் போய் வந்து கெட்டவற்றில் பெரும்பாலானவை பவர் சப்ளைகள். சிப்பை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அடிப்பக்கத்தைத் துடைத்து, இன்னொரு போர்டில் வைத்துப் பார்க்காமல் மரணச் சான்றிதழ் எழுதுவது என்ன வைத்தியம்? எண்ணெய் கலந்த சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்துப் பிசுக்கேற்றி வைப்பது அதைவிட மோசம்.

கால் நிமிர்த்தக் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் காட்சியில் வளைந்த கால், இரைச்சலான பாட்டு, அடுத்த காட்சியில் நேரான கால். நடுவில் நடந்ததுதானே கலை? அதை வெட்டிவிடுகிறார்கள்.

தயாரிப்பாளர்களும் கைக்கு எட்டாத சேதங்களையே இப்போது தருகிறார்கள். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகின. சிப்பின் சொக் (SoC) வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் ஏ.எம்.டி. கட்டுப்படுத்தியது. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்புகள் கூடுதல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள்ளேயே தேய்வது அம்பலமாயிற்று. மைக்ரோகோட் திருத்தம் ஓகஸ்டில் வந்தது, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கனவே தேய்ந்ததைத் திருத்தம் மீட்காது. அந்தச் சிப்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பளபளவென்று இருக்கும், எந்தப் பென்சிலுக்கும் அங்கே வேலை இல்லை. மடிக்கணினிகளில் 2013இன் ஹாஸ்வெல்லோடு கால் வைத்த சிப் போயிற்று. இப்போது எல்லாம் போர்டோடு பற்றவைத்தவை. 2022இல் ஏ.எம்.5 வந்தபோது ஏ.எம்.டி.யும் 1718 தொடுமுனைகளைச் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டது. ஒரே ஆறுதல், ஏ.எம்.4 உடனே சாகவில்லை. 2024 ஜனவரியிலும் அதற்கென்று 5700எக்ஸ்3டி வந்தது.

ஆகவே பழைய ரைசன் வாங்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவரிடம் கால் பக்கத்துப் படத்தைக் கேளுங்கள், மேலிருந்து எடுத்தது போதாது, சாய்வெளிச்சத்தில் நாலு பக்கமும் வேண்டும். கால் வளைந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசித் தயங்காமல் வாங்குங்கள். முறிந்திருந்தால் எந்தக் கால் என்று வரைபடத்தில் பார்த்த பிறகு பேசுங்கள். யாரோ ஏற்கனவே இடுக்கி வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.