அப்பாயியின் வெண்கலப் பானை

இலங்கை மலையகத்தின் திம்புள்ளையில் தீபாவளி பெரும்பாலும் மழையோடுதான் வரும். எங்கள் தோட்ட லயத்துக் காம்பிராவில் முதல் நாளே பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்குவோம்: குத்துவிளக்கு, இரண்டு பித்தளைச் செம்பு, ஒரு தாம்பாளம், வெண்கலப் பானை. எல்லாம் அப்பாயியின் சீதனம். புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, பச்சைக் களிம்பு விலகிப் பொன்னிறம் தலைகாட்டும். பண்டிகை எனக்கு அந்த நிமிடத்தில்தான் பிறக்கிறது.

செம்பின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருக்கிறது. கண்ணைவிட விரல்தான் அதை நன்றாக வாசிக்கும்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களோடு இப்படி எத்தனையோ பாத்திரங்களும் போய்விட்டன. எங்களுடையவை தங்கின. தோட்டத் துரை பங்களாப் பீங்கானைப் பற்றி எழுதப் பலர் உண்டு. லயத்துப் பித்தளைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

சோறு வெண்கலப் பானையில்தான். கனத்த உலோகம் சூட்டை விடாது. பிந்தி வருபவருக்கும் ஆவி பறக்கப் போடலாம். ஆட்டுக்கறி மண்சட்டியில். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பேறும் என்பதால் குழம்பை அதில் வைப்பதில்லை. தாம்பாளத்தில் முறுக்கும் அதிரசமும்.

முன்வாசல் இஸ்தோப்பில் பாய் விரித்து, விளக்கேற்றி, பக்கத்துக் காம்பிராக்காரரை அழைக்கிறோம். பெரியவர்கள் செம்பை அண்ணாந்து, உதடு படாமல் தண்ணீர் குடிக்கிறார்கள். வெளியே தேயிலை மேல் மழை இன்னும் விடவில்லை.